ஸ்விட்ச் இல்லாத சோப்பு டப்பா

முப்பத்தொன்பது மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் பாடிவிட்டுச் சோப்பு டப்பா வாயை மூடிக்கொண்டது.

சின்னவள் அதை வேலையிடத்திலிருந்தே பார்த்தாள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் குடுவைகளைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தபோது, ஃபோன் திரையில் பச்சையாக இருந்த புள்ளி சாம்பல் நிறமானது. ஈரக் கையோடு வாசல் பக்கம் போய் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, டப்பா நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"நீ ஒண்ணும் பண்ணலையே?"

"நான் என்ன பண்ணப் போறேன்?"

"சரி, ப்ளக்கைப் பிடுங்கி ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி மாட்டு. தானா வந்துடும்."

நடக்கிற சத்தமும் ஏதோ நகர்கிற சத்தமும் கேட்டன. பிறகு ஃபோன் வழியாகவே பாட்டு வந்தது. பாட்டின் நடுவே ஒரு பெண்ணின் சிரிப்பும் வந்தது. சின்னவளுக்கு உச்சி குளிர்ந்தது.

"கேட்டியாம்மா? கேட்டியா?"

"கேட்டேன்" என்றாள் அம்மா. ஃபோன் வைக்கப்பட்டது. அடுத்த நொடியே பச்சைப் புள்ளி மறுபடி சாம்பலானது.

சோப்பு டப்பா என்று பெயர் வைத்தது அண்ணன். பொய்யில்லை, அது சோப்பு டப்பாதான். உள்ளே விரல் நீளத்தில் ஒரு போர்டு, அதை ஒட்டி எண்களை ஒலியாக்கும் ஒரு சில்லு, ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர். மூடியில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரை ஒட்டியிருந்தாள். பாட்டெல்லாம் அவளுடைய வாடகை அறையில் இருந்த சின்னக் கம்ப்யூட்டரில் இருந்தது. டப்பா அம்மா வீட்டு வைஃபை வழியாக அதை இழுத்துப் பாடும். மொத்தம் நாற்பது கேசட். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்.

கேசட்டுகள் அப்பாவுடையவை. ரேடியோவுக்கு எதிரில் டேப் ரெக்கார்டரை வைத்து அவரே பதிவு செய்தவை. அவர் இறந்துபோன பிறகு சித்திதான் ஒரு செருப்புப் பெட்டியில் கொண்டுவந்து தந்தாள். "உங்க வீட்ல ஈரம் ஏறுதுன்னு எங்கிட்ட குடுத்து வெச்சிருந்தார். இனிமே எனக்கெதுக்கு, நீ வெச்சுக்கோ" என்றாள். சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவள். அம்மா வீட்டுச் சுவரில் ஈரம் ஏறி சின்னவள் பார்த்ததில்லை. ஆனாலும் கேசட் கிடைத்த சந்தோஷத்தில் சுவரைப் பற்றி யார் கேட்பார்கள்?

ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி இரைச்சலை நீக்கிக்கொண்டு வரும்போதுதான் அந்தக் கேசட் வந்தது. அறிவிப்பாளர் தேதியைச் சொன்னார். சின்னவள் பிறந்ததற்கு முந்தின நாள். பன்னிரண்டாவது நிமிடத்தில், பாட்டுக்கு மேலே, ஓர் இளம்பெண் அடக்க முடியாமல் சிரித்தாள். "ஷ்ஷ், ரெக்கார்ட் ஆகுது" என்று அப்பாவின் குரல். அதற்கும் சேர்த்து இன்னும் பெரிய சிரிப்பு.

சின்னவள் அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பி ஓட்டிக் கேட்டாள்.

அம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பது அவர்கள் வீட்டில் ஒரு பழைய கேலி. "அம்மா சிரிச்சா அன்னிக்கு ஸ்கூலுக்கு லீவு விடுவாங்க" என்பான் அண்ணன். அப்பா போன பிறகு பேச்சும் குறைந்துவிட்டது. கேட்டதற்கு ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு காலத்தில் இப்படிச் சிரித்திருக்கிறாள் என்றால், அதை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். டப்பா செய்யும் எண்ணமே அங்கிருந்துதான் பிறந்தது. இரைச்சல் நீக்கும் மென்பொருள் அந்தச் சிரிப்பையும் இரைச்சல் என்றுதான் எண்ணியது. அவள் விடவில்லை. அந்த இடத்தை மட்டும் தனியே எடுத்து ஒலியைக் கொஞ்சம் கூட்டியும் வைத்தாள். முன்கூட்டிச் சொல்லக் கூடாது, தானாகக் கேட்டுத் திடுக்கிட வேண்டும் என்று அந்தக் கேசட்டை வரிசையின் கடைசியில் போட்டாள்.

டப்பாவுக்கு ஸ்விட்ச் வைக்கவில்லை. அதை நிறுத்த வேண்டிய அவசியம் யாருக்கு வரப்போகிறது? அது மட்டுமல்ல, கரண்ட் போய் வந்தால் நின்ற இடத்துக்குப் பத்து விநாடி முன்னால் போய்த் தானே பாடத் தொடங்கும்படி ப்ரோக்ராம் எழுதியிருந்தாள். பாட்டு அறுந்துபோகக் கூடாதே என்ற அக்கறை.

அன்று மாலை மல்டிமீட்டரோடு அம்மா வீட்டுக்குப் போனாள். எல்லாம் சரியாக இருந்தது. டப்பாவைத் தன் அறைக்கு எடுத்துப்போய் அதே கேசட்டை ஓட்டினாள். ஒரு தும்மல்கூட இல்லாமல் பாடியது. நிற்பது எப்போதும் அதே பன்னிரண்டாவது நிமிடத்தில் என்பதால் கோப்பில்தான் கோளாறு என்று நினைத்தாள். கோப்பைப் புதிதாகச் செய்தாள். அம்மா வீட்டில் வைத்தாள். பன்னிரண்டாவது நிமிடத்தில் நின்றது.

போர்டு ஒவ்வொரு முறை விழித்தெழும்போதும், முந்தைய முறை ஏன் நின்றது என்று சொல்லும். ப்ரோக்ராம் குழம்பியதா, மின்னழுத்தம் தாழ்ந்ததா என்று. இது ஒவ்வொரு தடவையும் ஒரே காரணத்தைச் சொன்னது. மின்சாரம் முழுசாகப் போயிருக்கிறது. அடாப்டர்தான் மட்டம் என்று முடிவு செய்து வேறு மாற்றினாள். நின்றது. தடித்த ஒயர் போட்டாள். மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்தாள். அப்போதும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்திருந்தான். ஃபிரிட்ஜ், ஏசி விற்கும் கடையில் அவன் மேனேஜர். எந்தப் பொருளையும் முதலில் தூக்கி எடை பார்ப்பான். டப்பாவையும் தூக்கிப் பார்த்தான்.

"என்னடி, உன் பாகவதர் இன்னிக்காவது பாடுவாரா?"

"இந்த வீட்டு ப்ளக் பாயின்ட் லூசா இருக்குண்ணா. அதான் பிரச்சினை."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அதே பாயின்ட்லதான் அம்மா மிக்ஸி ஓடுது. கடையில நல்லதா ஒண்ணு இருக்கு, கொண்டுவந்து தரேன். இதை சோப்புப் போட வெச்சுக்கலாம்."

சித்தி வாசல் நிலையில் சாய்ந்து நின்று, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "டேய், குழந்தையை ஏண்டா சீண்டற? இவ பிடிவாதம் உனக்குத் தெரியாது. வெளிய வரமாட்டேன்னு அடம் பிடிச்சு, அக்காவைப் பத்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டில்ல போட்டுப் படுத்திட்டுத்தான் பொறந்தா. இந்த டப்பாவா இவளை ஜெயிச்சுடும்?"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். அம்மா மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போனாள். அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். சின்னவள் அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே, ப்ளக் பாயின்ட்டைக் கழற்றித் திருகாணிகளை முடுக்கினாள்.

இன்னும் இரண்டு தடவை நின்ற பிறகு டப்பாவுக்குள் ஒரு பேட்டரி வைத்தாள். இனி கரண்ட் போனால் என்ன, ப்ளக் கழன்றால் என்ன? இடம் போதாமல் சோப்பு டப்பாவுக்குக் கீழே இன்னொரு சோப்பு டப்பாவை ஒட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் வேலை செய்தது. திங்கள், செவ்வாய், புதன் என்று பச்சைப் புள்ளி பச்சையாகவே இருந்தது. கடைசிக் கேசட் முழுசாக ஓடி முடிந்து, முதல் கேசட் மறுபடி தொடங்கியது. அம்மா கேட்டிருப்பாள். ஒரு தடவையாவது, யாரும் பார்க்காதபோது, வாய்விட்டுச் சிரித்திருப்பாள். பரிசோதனைக் கூடத்தில் சின்னவள் அந்த மூன்று நாளும் தனக்குள் பாடிக்கொண்டே குடுவை கழுவினாள்.

சனிக்கிழமை மாலை அவள் போனபோது வீடு ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் இருந்தது. அம்மா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்து அலமாரியில் டப்பா இல்லை. ஃபோனைப் பார்த்தாள். புள்ளி பச்சை. பாடிக்கொண்டிருப்பதாகத்தான் சொன்னது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கிருந்தோ, தலையணைக்கு அடியிலிருந்து வருவது போல, மெல்லிய முனகல் கேட்டது. சத்தத்தைத் தொடர்ந்து படுக்கையறைக்குப் போனாள். பீரோவைத் திறந்தாள். குளிர்காலப் போர்வைகளுக்குக் கீழே, இரண்டு துண்டுகளைச் சுற்றி, அதன் மேல் அப்பாவின் பழைய ஸ்வெட்டரையும் போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருந்தது. முடிச்சை அவிழ்க்க நகம் வலித்தது. டப்பா சூடாக இருந்தது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜருக்காக ஒயரை மட்டும் பீரோ இடுக்கு வழியே ப்ளக் வரை இழுத்துவிட்டிருந்தாள் அம்மா. மகள் செய்தது செத்துப்போகக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு சின்னவள் அடுக்களை வாசலுக்கு வந்தாள்.

"இத்தனை நாளும் நீதான் ப்ளக்கைப் பிடுங்கினியாம்மா?"

அம்மா பீன்ஸின் நாரை உரித்தாள். "ஆமா."

"நான் எத்தனை அடாப்டர் மாத்தினேன்! அண்ணன்கிட்ட எவ்வளவு பேச்சு வாங்கினேன்! வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சத்தம் எனக்கு ஒத்துக்கல."

"சத்தமா? அப்பா பாட்டும்மா அது!"

வாசலில் செருப்புக் கழற்றும் ஓசை கேட்டது. சித்தி உள்ளே வந்தாள். "என்ன, அம்மாவும் பொண்ணும் கூடத்தை ரெண்டாக்கறீங்க? தெரு முனை வரைக்கும் கேக்குது." விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள். "இவ்வளவுதானே? அக்காவுக்குப் பிடிக்கலைன்னா எங்கிட்ட குடுத்துடு. கடையில மெஷின் சத்தத்தைத் தவிர எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. இது பாட்டுக்குப் பாடிக்கிட்டுக் கிடக்கட்டும்."

அம்மாவின் கையில் கத்தி நின்றது.

"இல்ல சித்தி, நீங்க முதல்ல இதைக் கேளுங்க" என்றாள் சின்னவள். சாதாரணமாக மூன்று பேர் சேர்ந்திருந்தால் வாய் திறக்காதவள் அவள். "இதுக்காகத்தான் நான் இதைச் செஞ்சதே. அம்மாவுக்கே மறந்துபோயிருக்கும்."

ஃபோனில் கடைசிக் கேசட்டைத் தொட்டு, பன்னிரண்டாவது நிமிடத்துக்குத் தள்ளினாள். ஒலியை முழுசாகக் கூட்டினாள். பாட்டு வந்தது. சிரிப்பு வந்தது. "ஷ்ஷ், ரெக்கார்ட் ஆகுது." மறுபடியும் சிரிப்பு, அவள் கூட்டி வைத்த சிரிப்பு, அடுக்களைப் பாத்திரங்கள் வரைக்கும் போய் அதிர்ந்தது.

சித்தி அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவி உள்ளங்கைக்குள் சுருட்டினாள். சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"பாத்தீங்களா சித்தி? அம்மா! நான் பொறக்கறதுக்கு முந்தின நாள். அம்மா இப்படிச் சிரிச்சு நீங்களாவது பாத்திருக்கீங்களா?"

"கடையில ஆள் காத்திருக்கு" என்று சித்தி திரும்பினாள்.

"இருடி" என்றாள் அம்மா.

தங்கையைத்தான் சொன்னாள். சித்தி நின்றாள். அம்மா கத்தியைத் தட்டில் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு, பல வருஷங்களாக ஒத்திகை பார்த்து வைத்தவள் போல, ஏற்ற இறக்கமே இல்லாமல் மகளிடம் சொன்னாள்.

"அது நான் இல்ல. நான் அப்ப ஆஸ்பத்திரியில இருந்தேன், உன்னை வயித்துல வெச்சுக்கிட்டு. வீட்டைப் பாத்துக்கோன்னு இவளை விட்டுட்டுப் போயிருந்தேன். அது இவ சிரிப்பு."