கிருமி வளர வேண்டும்

மருந்துக்கடைக்காரரைத் தெருவே ‘அரை டாக்டர்’ என்றுதான் கூப்பிடும். ஆயிரம் பேரைக் கொன்றவன்தானே அரை வைத்தியன் என்று முகத்துக்கு நேரே கேலி செய்தாலும் சிரித்துக்கொள்வார். மனைவிக்குப் போன வருஷம் வைத்த செயற்கை முழங்கால் மூட்டு வீங்கிக் காய்ச்சலும் வந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தன் கடை அலமாரியிலிருந்தே ஆன்டிபயாடிக் எடுத்துக் கொடுத்தார். வீக்கம் வடியும், மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வரும்.

கடைசியில், மூட்டு வைத்த டாக்டரம்மாவிடமே வந்தார்கள். மூட்டில் ஊசி போட்டு எடுத்த நீரில் சீழ் இருந்தது. ஆனால் இனம் கண்டறியப் பரிசோதனைக் கூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது கிருமி வளரவில்லை. எந்தக் கிருமி என்று தெரியாமல் குத்துமதிப்பாக மருந்து கொடுத்தால் அது உலோகத்தில் பாசி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும், புது மூட்டு வைத்தாலும் கெடும், காலே போகலாம் என்றார் டாக்டரம்மா. வீட்டில் ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா என்று மறுபடியும் கேட்டார். முதல் தடவை இல்லவே இல்லை என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார். மனைவி அவரையே பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

“நான்தான் குடுத்தேன்,” என்றார்.

டாக்டரம்மா திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலாம். மருந்துக்குப் பயந்து கிருமி பதுங்கியிருக்கிறது, ஆன்டிபயாடிக்கை அடியோடு நிறுத்தி இரண்டு வாரம் கழித்து மறுபடி நீர் எடுக்கலாம், நடுக்கம் வந்தாலோ நினைவு தடுமாறினாலோ உடனே தூக்கி வாருங்கள் என்றார்.

அந்த நாட்கள் நரகம். முழங்கால் அனலாய்க் கொதித்தது. தன்னையே நம்பாமல் கடைச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். இவள் செத்தால் கொன்றவன் நான்தான் என்று ராத்திரியெல்லாம் விழித்திருந்தார்.

“ஏங்க, அந்தப் பழைய மாத்திரையில ஒண்ணே ஒண்ணு குடுங்க. அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?”

“கிருமிக்குத் தெரிஞ்சிடும். பொறுத்துக்கோ.”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்கப்புறம் அவரிடம் பேசவே இல்லை.

மறுபடி நீர் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா அறைக்குள் வந்து, கிருமி வளர்ந்திருக்கிறது என்றார். அதைக் கொல்லும் மருந்தும் தெரிந்துவிட்டது. இந்த மூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, கிருமி ஒழிந்த பிறகு புதிது வைக்கலாம், கால் தப்பிக்கும். பிள்ளை பிறந்த சேதி கேட்டவர் போலக் கடைக்காரர் விம்மி விம்மி அழுதார்.

மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

“அழாதீங்க. ஆபரேஷன் எனக்குத்தான்.”