கம்ப்யூட்டரில் ஒன்றும் காட்டவில்லை

பல் டாக்டருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். அவளுடைய கொழுந்தன் மட்டும் இதைத் தெரிந்துகொள்ள மெனக்கெடவில்லை. அதற்கான பலனைப் பிற்பாடு அவனுடைய கடைவாய்ப் பல் அனுபவித்தது.

கொழுந்தனை வீட்டில் மேனேஜர் என்றுதான் சொல்வார்கள். ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் அவன் மேனேஜர். பெற்ற அம்மாவே “மேனேஜர் சாப்பிட்டானா?” என்றுதான் கேட்பாள். அண்ணன் வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்ததும், வேறு எங்கும் போய்ப் பார்க்க விடாமல், தன் கம்பெனி வண்டியையே அவர்கள் தலையில் கட்டினான்.

“குடும்பத்துக்குன்னே செஞ்ச வண்டி அண்ணி. எதிர்ல ஏதாவது வந்தா அதுவே பிரேக் போட்டுக்கும். இடிச்சா எல்லாப் பக்கமும் பலூன் விரியும். நீங்க சும்மா ஸ்டீயரிங்கைப் பிடிச்சிட்டு உக்காந்தா போதும்.”

சும்மா உட்கார அந்த வண்டி விட்டால்தானே. வாங்கின கொஞ்ச நாளிலேயே பலூன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. ஒரு நாள் எரியும், மறுநாள் அணைந்துவிடும். ஆளே இல்லாத சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி அலாரம் கத்தும். பெட்ரோல் பங்கில் இறங்கப் போனால் கதவு நான்கும் தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்து கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பங்க் ஆளைக் கூப்பிட்டு, அவளுக்கு மானமே போயிற்று.

ஒவ்வொரு தடவையும் வண்டியை மேனேஜரிடம் கொண்டுபோய் விடுவாள். அங்கே கண்ணாடி அறை, கெட்டியான சோபா, சுவரில் ‘புகாரே இல்லாத கிளை’ என்று பித்தளையில் பொறித்த ஒரு கேடயம். வண்டியில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பார்கள். பிறகு மேனேஜரே ஏறித் தனியாக ஒரு சுற்றுப் போய்வருவான். வந்ததும் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொல்வான்.

“கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டலையே அண்ணி. வண்டி தங்கமா ஓடுது.”

“வீட்டுல எரியுது தம்பி.”

“அது வீட்டுல. இங்க வந்தா வரலையே, நான் என்ன பண்ணட்டும்? ஓட்டுற விதத்துலதான் ஏதோ இருக்கு.”

இந்தப் பேச்சு அவளுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் வீட்டுப் பிள்ளை, அவனிடம் போய் என்ன சண்டை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுவாள்.

பிறகு அந்த மழை நாள் வந்தது. மாமியாருக்குக் கண் பரிசோதனை. மருமகள்தான் ஓட்டினாள். முன் சீட்டில் உட்கார்ந்த மாமியார், வழக்கம்போல முழங்காலை நீட்டிக்கொள்ள சீட்டைப் பின்னால் தள்ளினாள். சாலையில் முன்னால் ஒரு ஈ, காக்கை கிடையாது. திடீரென்று அத்தனை விளக்கும் ஒன்றாக எரிந்தன, அலாரம் கத்தியது, வண்டி தானாக பிரேக் போட்டு நடுச்சாலையில் நின்றது. பின்னால் வந்த வேன் இடித்தது. பலூன் ஒன்றுகூட விரியவில்லை. தடுத்துக்கொள்ளக் கையை நீட்டிய மாமியாருக்கு மணிக்கட்டு முறிந்தது.

மருத்துவமனை வராந்தாவில் மாவுக்கட்டு காயும் முன்பே மேனேஜர் தீர்ப்பு சொல்லிவிட்டான்.

“கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்துட்டேன். வண்டியில ஒரு பழுதும் கிடையாது. அண்ணி பதட்டத்துல பிரேக்கை ஓங்கி மிதிச்சிட்டாங்க. லேடீஸ்தானே, விடுங்க.”

“நான் மிதிக்கல,” என்றாள் அவள். குரல் ஒரு படி இறங்கியது.

கணவன் அவள் முகத்தைப் பார்க்காமல், “சரி விடு, கொஞ்ச நாளைக்கு நீ ஓட்ட வேண்டாம்,” என்று சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. இரண்டு பேர் பேசினால் கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்கிற ஆள், அவ்வளவுதான். மாமியார் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது மறுவாரம் வந்தது. பள்ளிக்கூடம் கிளம்பிய மகள் ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, இனிமே நீ ஓட்ட மாட்டல்ல? நீ ஓட்டினா நான் வர மாட்டேன்.”

பத்து வயசுப் பிள்ளை. பயத்தில் கேட்டது. அன்று கிளினிக்கில் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது, இதற்கு மேனேஜர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டிருந்தாள்.

முதலில் அவள் கண்ணில் பட்டது ஒரு பை. மேனேஜர் அந்த வண்டியை எடுக்கும் போதெல்லாம் தன் தோள்பையை முன் சீட்டில் வைத்துவிடுவான். அண்ணனே வந்தாலும் “நீ பின்னாடி வசதியா உக்காருண்ணே” என்பான். அந்தப் பையை அவன் நகர்த்தி அவள் பார்த்ததே இல்லை.

இரண்டாவதாக வந்தது ஒரு ஞானப்பல். பல்லுக்குச் சொந்தக்காரர் மேனேஜரிடம் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன். அவள் யார் என்று தெரிந்ததும் மனுஷன் நாற்காலியிலேயே நெளிந்தார். பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, எழுந்து போகும்போது வாசலில் நின்றார்.

“டாக்டரம்மா, உங்க வண்டியில முன் சீட்டுக்குக் கீழ ஒயர் தேஞ்சு கெடக்கு. சீட்டைப் பின்னால தள்ளினா தகட்டுல படும். பட்டா எல்லாமே குழம்பிடும், பிரேக்கும்தான். அந்த மாடல்லயே இது நிறைய வருது. நான் முதல் தடவையே சொன்னேன். எழுதினா கம்பெனிக்குப் புகாராப் போகும், கிளை பேரு கெட்டுடும், கம்ப்யூட்டர்ல இருக்கறதை அழிச்சிட்டு அனுப்புன்னாரு. அழிச்சது நான்தான்மா. அதான் மனசு உறுத்துது.”

“முதல் தடவைன்னா? எங்க அத்தை கை முறியறதுக்கு முன்னாடியா?”

“ரொம்ப முன்னாடி.”

இப்போது அவளுக்குப் புரிந்தது. தனியாக ஒரு சுற்று போய்வந்தவன் அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காததற்குக் காரணம் இருந்திருக்கிறது. சொத்தைப் பல்லின் மேல் வெள்ளையடித்து அனுப்பியவன், பழியைத் தூக்கி அவள் கால் மேல் போட்டிருக்கிறான்.

அன்று மாலையே கணவனிடம் சொன்னாள். அவன் தம்பிக்கு போன் போட்டான். தம்பி சிரித்தான். “அந்த எலக்ட்ரீஷியனுக்கு லீவு குடுக்கலைன்னு கோவம்ண்ணே. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுத் திரியறான்.” கணவன் வழக்கம்போலக் கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்ந்தான்.

அவள் வாதாடவில்லை. ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வீடே சாவியைத் தேடியது. மெத்தையைப் புரட்டினார்கள், துவைக்கும் மெஷினுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். அவளும் கூடவே குனிந்து குனிந்து தேடினாள். மாற்றுச் சாவி மேனேஜரிடம் இருந்தது. “கொண்டு வரேண்ணே, கொண்டு வரேண்ணே” என்றானே தவிர, அவன் அதைக் கொண்டு வரவே இல்லை. வண்டி நிற்கிற வரைக்கும் அவனுக்கும் நிம்மதிதான் என்று அவளுக்குப் புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜருக்குப் பல்வலி வந்தது.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்குள் நுழைந்தவனை, “வாங்க தம்பி” என்று இறங்கிய குரலில் வரவேற்றாள். நாற்காலியைச் சாய்த்து விளக்கைத் திருப்பினாள். வாயைத் திறந்ததுமே எந்தப் பல் என்று தெரிந்துவிட்டது. கீழ் வரிசைக் கடைவாய்ப் பல், வேர் வரைக்கும் அழுகல். அதை விட்டுவிட்டு மற்ற பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“இது?”

“இல்ல அண்ணி. ஆனா வீட்டுல தண்ணி குடிச்சா உயிர் போகுது.”

“அது வீட்டுல. இங்க வந்தா வரலையே, நான் என்ன பண்ணட்டும்?”

அவன் திருதிருவென்று விழித்தான். கையில் இருக்கும் தொழிலை வைத்துப் பழிவாங்குவது தப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள். கிருமிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். வலிக்குக் கொடுக்கவில்லை.

மறுநாளும் வந்தான். எக்ஸ்ரே எடுத்தாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அவனுக்குக் காட்டாமல் தானே ரசித்துப் பார்த்தாள்.

“பல்லு தங்கமா இருக்கு தம்பி. நீங்க மெல்லுற விதத்துலதான் ஏதோ இருக்கு.”

மூன்றாவது தடவை அவன் தனியாக வரவில்லை. முகம் ஒரு பக்கம் பன்னாக வீங்கியிருந்தது. ஊசி என்றால் அவனுக்குச் சிறு வயதிலிருந்தே நடுக்கம், அதனால் அம்மாவைக் கூட்டி வந்திருந்தான். அண்ணன் ஆட்டோ பிடித்து இருவரையும் அழைத்து வந்திருந்தான். மாவுக்கட்டுக் கையோடு மாமியார் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“ஏம்மா, பிள்ளை துடிக்கிறானே. என்னன்னு பாரேன்.”

“பார்த்துட்டேன் அத்தை. ஒரு பழுதும் கிடையாது. பதட்டத்துல ஓங்கிக் கடிச்சிருப்பாரு. ஜென்ட்ஸ்தானே, விடுங்க.”

மாமியார் நெற்றியைச் சுருக்கினாள். “இதை நான் எங்கயோ கேட்டிருக்கேனே.”

“ஆஸ்பத்திரி வராந்தாவுல கேட்டீங்க. உங்க பிள்ளை என்னைச் சொன்னது.”

அவள் மரத்துப்போகும் ஊசியை எடுத்து, நுனியில் ஒரு துளி வரும்படி அழுத்தி, அவன் பார்வையில் படும்படி பிடித்தாள்.

“தம்பி, இதைப் போட்டா வலி நின்னுடும். போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க பை ஏன் எப்பவும் முன் சீட்டுல இருக்கு?”

அவன் ஊசியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். கடைசியில் அம்மாவின் கட்டைப் பார்த்தான். கேட்டது வெளியாளாக இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். அந்த வலியில் பொய்யை ஜோடிக்க அவனுக்குத் தெம்பில்லை.

“சீட்டுக்குக் கீழ… ஒயர் உரசுதுண்ணே. யாராவது உக்காந்து பின்னால தள்ளினா…”

“எப்பத்துலேருந்து தெரியும்?” அண்ணன் கேட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் யார் பக்கமும் சாயாமல் நிமிர்ந்து நின்றான்.

“முதல் சர்வீஸ்லயே.”

மாமியார் எழுந்தாள். மெதுவாக மகன் அருகே வந்து, நல்ல கையால் அவன் வீங்கிய கன்னத்தைத் தொட்டாள். அணைக்கப் போகிறாள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டான். அவள் மருமகள் பக்கம் திரும்பினாள்.

“ஊசி போடாம பிடுங்கும்மா.”

டாக்டருக்கு அப்படிச் செய்ய ஆசையாகத்தான் இருந்தது. மனசு வந்தது, கை வரவில்லை. ஊசியைப் போட்டாள். பல்லைப் பிடுங்கி, ரத்தத்தோடு ஒரு தட்டில் வைத்து அவன் மடியில் வைத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, கார் சாவியை எடுத்துத் தட்டில் பல்லுக்குப் பக்கத்தில் போட்டாள். கணவன் சாவியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

“ஒயரை முழுசா மாத்துங்க. உங்க கம்பெனிக்கு எழுதிட்டு மாத்துங்க. மாத்தினப்புறம் நான் ஓட்டுவேன், முன் சீட்டுல நீங்க உக்காரணும்.”

அவன் எழுதினான். எழுதாவிட்டால் தானே கம்பெனிக்குப் போய் உட்கார்ந்துகொள்வதாக அம்மா சொல்லியிருந்தாள். அதே மாடல் வண்டிகளை எல்லாம் கம்பெனி திரும்ப அழைத்தது. கண்ணாடி அறைச் சுவரில் கேடயம் இருந்த இடத்தில் ஒரு வெளுத்த வட்டம் மட்டும் மிஞ்சியது. எலக்ட்ரீஷியன் சீட்டைக் கழற்றி ஒயரை மாற்றி, சீட்டைப் பின்னால் தள்ளித் தானே உட்கார்ந்து ஊர் சுற்றிப் பார்த்த பிறகுதான் வண்டியைக் கொடுத்தார்.

மாமியாரின் கட்டுப் பிரித்த வாரம், எல்லோரும் கிளம்பினார்கள். கணவன், மாமியார், மகள் மூவரும் பின்னால். மகள் பாட்டியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் மேனேஜர், மடியில் பை.

“பையைப் பின்னால குடுங்க தம்பி. சீட்டைத் தள்ளிக்கோங்க, காலை நல்லா நீட்டுங்க.”

தள்ளினான். விளக்கு எரியவில்லை, அலாரம் கத்தவில்லை. ஆனாலும் அவன் நெற்றி வேர்த்தது. லேசாகத் தூறல் போட்டது. வண்டி அதே சாலைக்கு வந்தது, அதே இடத்துக்கு வந்தது. முன்னால் ஈ, காக்கை கிடையாது. அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். அங்கேயும் யாரும் இல்லை.

“எல்லாரும் பெல்ட் போட்டிருக்கீங்களா? கெட்டியா பிடிச்சுக்கோங்க.”

சொல்லிவிட்டு பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. மேனேஜர் “ஐயோ அம்மா!” என்று அலறி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

“தம்பி,” என்றாள் அவள், இறங்கிய குரலில். “இது நான் மிதிச்சது. வித்தியாசம் தெரியுதா?”

அவன் தலையை ஆட்டினான்.

“வாயைத் திறந்து சொல்லுங்க. பின்னாடி என் பொண்ணு இருக்கா, அவளுக்குக் கேக்கணும்.”

“அன்னிக்கு நீங்க மிதிக்கல அண்ணி.”

பின் சீட்டில் பெல்ட்டைக் கழற்றும் ஓசை கேட்டது. மகள் முன்னால் எட்டி சித்தப்பாவின் தோளைத் தட்டினாள்.

“சித்தப்பா, இறங்குங்க. அம்மா பக்கத்துல நான் உக்காரணும்.”