கப்பல்காரர் வீடு

ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் பாய்க்கப்பல் வைத்திருந்த பூட்டன், விக்டோரியா மகாராணி காலத்தில் பர்மாத் தேக்கில் இழைத்துக் கட்டிய வீடு அது. யாழ்ப்பாணத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மம்மாவுக்கு வந்து, அம்மாவுக்கு வந்து, இப்போது புஸ்பராணிக்குச் சேர வேண்டியது. அவளுடைய அண்ணன் அருட்பிரகாசம் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. கொடுக்கப் பிந்தினார், அவ்வளவுதான்.

போர் முடிந்து முகாமிலிருந்து பிள்ளைகளோடு திரும்பியவள், "அண்ணை, எங்களுக்கு இருக்க ஒரு அறை காணும்" என்று போனில் கேட்டாள்.

"திருத்தி முடியட்டும் பிள்ளை. புகை பட்டால் தேக்கு கறுத்துப்போம்."

பாரிஸ் லா சப்பல் மளிகைக் கடையில் அவர் மூட்டை தூக்கி உழைத்ததெல்லாம் அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பாகப் போனது. பூட்டன் காலத்துப் படம் ஒன்று இருந்தது. அதில் உள்ளபடியே வீடு இருக்க வேண்டும், இல்லாததை எல்லாம் இடியுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றார். "அண்ணை வீட்டைத்தான் கலியாணம் முடிச்சிருக்கிறார்" என்று முதலாளி கரிகாலன் பகிடி பண்ணுவான். புஸ்பராணியோ வேறு ஊரில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டாள்.

போன ஞாயிறு வீடு குடிபுகுதல். பங்குச் சுவாமியார் வீட்டை மந்திரித்துவிட்டுப் போனபின், பால் காய்ச்சப் பானையோடு புஸ்பராணி பின்பக்கம் போனாள். பாரிஸில் கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டையில் உட்கார்ந்து அருட்பிரகாசம் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அம்மான்ரை குசினி எங்கை?"

அந்தச் சமையலறை அம்மா பிற்காலத்தில் கட்டியது. படத்தில் இல்லை. இடிக்கச் சொன்னதும் அவரேதான். இன்னொன்று கட்ட வேண்டும் என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தங்கச்சிக்கென்று வீடு திருத்திய மனுசன், அவள் எங்கே உலை வைப்பாள் என்று யோசிக்கவில்லை. என்ன வெட்கக்கேடு!

அவள் முற்றத்தில் மூன்று கல்லை வைத்து, விறகை அடுக்கி, தீப்பெட்டியை எடுத்தாள். மன்னிச்சுக்கொள் பிள்ளை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், வந்தது வேறு.

"சுவரிலை புகை படாமல் பார்."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். புஸ்பராணி கற்களைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படலையடியில் வைத்தாள். திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பிறகு படலைக்கு வெளியே, தெருவோரம் கொண்டுபோய் வைத்தாள். அங்கேதான் பால் பொங்கியது.

"வடிவாய் இருக்கு அண்ணை," என்றாள். "நான் வீட்டை போறன்."