துண்டுக்குள் இருந்த கைகள்

மத்தியான வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாய் வடிந்துகொண்டிருந்தது. வெந்நீரில் பிழிந்த துண்டுக்குள் இரண்டு கைகளையும் சுருட்டி வைத்துக்கொண்டு, மாத்திரை மயக்கத்தில் பாதித் தூக்கமும் பாதி விழிப்புமாகக் கட்டிலில் சாய்ந்திருந்தாள் அம்மா. தடுப்பூசி போட்ட அடுத்த வாரம் மணிக்கட்டு வீங்கியது. பிறகு விரல் கணுக்கள் ஒவ்வொன்றாய். "எங்கயோ ஒருத்தருக்குத்தான் இப்படி மூட்டு வீங்கும். தானா வத்திடும்மா, அதுவரைக்கும் கைக்கு வேலை குடுக்காதீங்க," என்றார் டாக்டர். குலுக்கலில் ஒரு டம்ளர்கூட விழாத அதிர்ஷ்டக்காரிக்கு இது மட்டும் தேடி வந்து விழுந்திருக்கிறதே என்று கணவர் கேலி செய்தார்.

கைக்கு வேலை கொடுக்கக் கூடாதாம்! சொல்வது சுலபம். மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த வீட்டில் கைதான் வாய். கொஞ்சுவது, திட்டுவது, கதை சொல்வது எல்லாம் விரலில்தான். கோபம் வந்தால் கையை ஒளித்துக்கொள்வார்கள். அங்கே அதுதான் 'டூ'. மகள் அக்குளில் கையைச் செருகிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டால், சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அம்மா கண் திறந்தபோது மகள் கட்டிலோரம் நின்றிருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. சின்ன விரல்கள் தயங்கித் தயங்கிப் பேசின.

"சுவத்துல கிறுக்கினது நான்தான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"பூனையைக் குளிக்கிற ரூம்ல வெச்சுப் பூட்டினதும் நான்தான். பால் குடிச்சேன்னு சொன்னது பொய். செடிக்கு ஊத்திட்டேன்."

அடி கள்ளி! செடி ஏன் வாடியது என்று இப்போதல்லவா தெரிகிறது.

"வேற ஒண்ணும் பண்ணல. சத்தியமா. பேசும்மா."

அம்மாவுக்குச் சுரீரென்றது. இத்தனை நாளும் குழந்தை கண்ணெதிரே கையை ஒளித்து வைத்துக்கொண்டல்லவா படுத்திருக்கிறாள்! பாவி, ஒரு தடவை துண்டை விலக்கிக் காட்டத் தோன்றவில்லையே.

கைகளை உருவி எடுத்தாள். கோபமே இல்லை என்று சொல்லப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. வலியில் கண்ணில் நீர் முட்டியது. மகள் அந்த வீங்கிய கணுக்களையே பார்த்தாள். தொட வந்து, தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு துண்டை எடுத்து மெதுவாகப் போர்த்திவிட்டாள்.

"நீ பேசாத. நான் பேசறேன்," என்று கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

என்னென்னவோ பேசினாள். பள்ளிக்கூடம், மழை, பறக்கிற சைக்கிள். பேசிக்கொண்டே தூங்கியும் போனாள். தூங்கிய பிறகும் கை அடங்கவில்லை. நெஞ்சின் மேல் விரல்கள் கனவில் அசைந்துகொண்டிருந்தன. அம்மா தலையைத் தூக்கி அந்த விரல்கள் கேட்பதை உற்றுப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

யாரும் பார்க்காத அந்த அறையில், துண்டுக்குள்ளிருந்து ஒற்றை விரல் வெளியே வந்து, மடங்காமலே, இல்லை என்று இப்படியும் அப்படியுமாக அசைந்தது.