கத்தரிக்காய் நிறம்

வெண்ணெய் எட்டு கிராமைத் தாண்டியதும் கரண்டி நுனியால் ஒரு பொட்டு எடுத்துவிட்டுத் தராசைப் பார்த்தாள். எட்டு. சரி. அதன் பிறகுதான் கூடத்தில் ஆட்களின் பேச்சு காதில் விழுந்தது. அக்காவின் குழந்தை சுண்டுவை விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரில்லாமல் கொண்டுவந்து அங்கே படுக்க வைத்திருந்தார்கள். எட்டு மணிச் சாப்பாடு இனி யாருக்கும் வேண்டாம்.

நான்கு மாதமாக இந்த வீட்டில் சர்க்கரை கிடையாது. சுண்டுவின் வலிப்பு எந்த மருந்துக்கும் அடங்காததால் டாக்டர் கொழுப்பு உணவுக்கு மாற்றினார். எல்லாம் அளந்து, ஒட்டியதையும் வழித்து ஊட்ட வேண்டும். தினமும் டயப்பரில் பஞ்சு வைத்து, அந்தச் சிறுநீர் ஈரத்தில் ஒரு சோதனைப் பட்டையைத் தொட்டுப் பார்ப்பார்கள். நிறம் ஏறினால் வலிப்பு அடங்கும்; துளி சர்க்கரை போனாலும் நிறம் இறங்கிவிடும். அக்கா நோட்டில் தன் பாஷையில் எழுதுவாள்: மணல், ரோஸ், பீட்ரூட், கத்தரிக்காய். கத்தரிக்காய் வந்தால் அன்றைக்கு வீட்டில் ரேடியோ பாடும்.

மாமா, சுண்டுவின் அப்பா, சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். லிஃப்ட் மெக்கானிக். சட்டையில் நேற்றைய கிரீஸ் அப்படியே இருந்தது.

“கிராம் டீச்சர்,” என்றார். கிண்டலுக்குக் கூப்பிடும் பெயர். வேறு பெயர் வாயில் வரவில்லை போலிருந்தது.

“சொல்லுங்க மாமா.”

“நேத்து மத்தியானம் பிளாஸ்க்குல கொஞ்சம் டீ மிச்சம் இருந்துச்சு. விரல்ல தொட்டு அவ வாயில வெச்சேன்.”

“சக்கர போட்டதா?”

“சிரிச்சா. அவ சிரிச்சு எத்தன நாளாச்சு. அதான் இன்னும் ரெண்டு தடவ வெச்சேன்.”

நேற்று மாலை வந்த வலிப்பு நிற்கவே இல்லை.

“உங்கக்காவுக்குத் தெரியாது. சாயந்திரம் எடுத்த பஞ்சு ஃபிரிட்ஜ்லதான இருக்கு? பாத்துச் சொல்லிடும்மா. எதுவா இருந்தாலும் சொல்லு.”

பஞ்சைப் பிழிந்து பட்டையை நனைத்தாள். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, நிறம் வர வேண்டிய பதினைந்து விநாடிகளை எண்ணினார்.

மணல் நிறம். பட்டைப் புட்டியில் ஒட்டிய நிற வரிசையோடு ஒப்பிடத் தேவையே இல்லை.

முந்தாநாளே சுண்டுவுக்குக் காய்ச்சல் இருந்தது. ஒரு பட்டையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மூன்று சொட்டு டீயை வைத்தும் கூடாது. கல்லூரியில் உணவியலில் படித்த அத்தனையும் சரிதான். ஆனால் அவர் கேட்டது ஒரு நிறத்தை.

பட்டையை இடது உள்ளங்கைக்குள் மூடினாள்.

“கத்தரிக்காய், மாமா.”

“நெஜமாவா?”

“நல்ல கத்தரிக்காய்.”

அவர் மெல்ல அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

கதவு திறந்தது. அக்கா. நேராக அலமாரிக்குப் போய் நோட்டை எடுத்து மேடைமேல் விரித்தாள்.

“நேத்து சாயந்திரம் எழுதவே இல்லடி. பாத்தியா?”

“பாத்தேன்க்கா.”

பேனாவை வாங்கி ‘கத்தரிக்காய்’ என்று எழுதினாள். இதுவரை அந்த நோட்டில் பொய் கிடையாது. அக்கா அந்த வார்த்தையைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள்.

“வெண்ண அளந்துட்டியா?”

“பழக்கத்துல...”

“ஓரத்துல ஒட்டியிருக்கு பாரு. வழிச்சிடு.”

அவள் ரப்பர் கரண்டியை எடுத்து, கிண்ணத்தின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வழித்தாள். இடது கை மூடியே இருந்தது.