மாடு வரும் நேரம்

துணுக்காயில் நூற்றிருபது பசுக்கள் வைத்திருந்த நேசமலருக்குப் பால் கறக்க ஏழு பேர் தேவை. அந்த மாசி மாதம் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் கறவை றோபோ விற்கும் கொம்பனியிலிருந்து மதுசன் என்ற பொறியியலாளரை வரவழைத்தாள்.

அவன் மடிக்கணினியில் ஒரு வீடியோ காட்டினான். ஒரு மாடு தானாக நடந்துவந்து கூட்டுக்குள் நின்றது. இயந்திரக் கை மடியைக் கழுவிக் குழாய்களைப் பூட்டியது. கறந்து முடிந்ததும் கதவு திறக்க, மாடு தன்பாட்டில் போனது.

“ஒரு மெசினுக்கு அறுபது மாடு, அக்கா. உங்களுக்கு ரெண்டு வேணும்.”

விலையைக் கேட்டு நேசமலர் மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். ஏழு பேரின் முப்பத்தைந்து வருடச் சம்பளம். ஆனாலும் அவளைக் குடைந்தது வேறொன்று.

“மாட்டை ஆர் தம்பி கூப்பிடுறது?”

“ஒருத்தரும் இல்லை. உள்ள தீன் இருக்கு. மடி நிறைஞ்சா அதுகளுக்கும் பாரம்தானே.”

“எத்தினை மணிக்கு வரும்?”

“நேரமெண்டு ஒண்டில்லை. தனக்கு விருப்பமான நேரம்.”

அவன் போன மறுநாள், அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கும் கறவை முடிந்ததும் கொட்டிலின் கதவைத் திறந்தே விட்டாள். உள்ளே புண்ணாக்கு வைத்து, வரும் மாடுகளைக் குறித்துக்கொள்ள ஒரு கதிரையும் கொப்பியுமாக உட்கார்ந்தாள். எண்பத்திரண்டு மாடுகள் தாமாக வந்தன. ஒரு செங்காரிப் பசு ஒன்பது தடவை வந்தது. ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில்தான் பெரும் நெரிசல்.

அப்படியென்றால் அதிகாலை மூன்று மணிக்குக் கறக்கச் சொல்லி மாடு கேட்கவில்லை. கேட்டது ஆறு மணிக்கு வரும் பால் லொறி.

பின்னேரமே, வேலையை விட்டுப்போன சுதர்சினியைத் தேடிப் போனாள்.

“சம்பளம் காணாதெண்டே போனனீ?”

“இல்லையக்கா, அங்க இன்னும் குறைவு. மூண்டு மணிக்குப் பிள்ளையளைத் தனிய விட்டிட்டு வரேலாது.”

“எட்டரைக்குக் கறந்தா?”

“பள்ளிக்கூடத்தில விட்டிட்டு வருவன். ஆனா அடுத்தநாள் லொறி வருமட்டும் பால் பழுதாகுமே?”

நேசமலர் மதுசனுக்குப் போன் எடுத்தாள். “தம்பி, பாலைக் குளிரா வச்சிருக்கிற தாங்கி விக்கிறனீங்களோ?”

“ஓம் அக்கா. றோபோவின்ர விலையில பத்திலொரு பங்கும் வராது.” அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

தாங்கி சித்திரையில் வந்தது. முதல் நாள் கறந்த பாலைக் குளிரவைத்து மறுநாள் லொறியில் ஏற்றினார்கள். நேரம் மாறிய முதல் வாரம் மாடுகள் விடியவே கத்தின, பாலும் குறைந்தது. நேசமலர் பயந்துதான் போனாள். மூன்றாம் வாரம் எல்லாம் பழைய அளவுக்கு வந்தது. சுதர்சினி இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிவந்தாள். ஏழாவது ஆள் கிடைக்கவில்லை. அந்த ஆளுக்குரிய மாட்டு வரிசையில் நேசமலரே கறக்கக் குந்தினாள்.