நேர்கோட்டில் போன மாப்பிள்ளை

என் மனைவியின் தம்பி லந்தாராவுக்குப் பொறுமை கிடையாது. அளவுகோல் மட்டும் இருந்தது. எங்கள் ஊர் பீராவிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம், புளோரஸ் தீவின் வூரிங் வரைக்கும் வரைபடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, பரீட்சை எழுதி முடித்தவன் மாதிரி, கப்பலில் சுக்கான் பிடித்திருந்த என்னைப் பார்த்தான். வூரிங்கில் அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. குறித்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை பெண் வீட்டுப் படியேறாவிட்டால் சம்பந்தம் முறிந்தது என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். நல்ல நாள் பார்த்த பெரியவர்கள் காற்றைப் பார்க்க மறந்துவிட்டார்கள். அப்போதெல்லாம் எங்கள் கப்பல்களுக்குப் பாய்தான், எஞ்சின் ஏது?

"இதைவிடக் குறுக்கு வழி கெடையாது மச்சான்."

"டேய், கிழக்குப் பருவம்டா இது. காத்து தென்கிழக்குலேருந்து, உன் கோட்டு முனையிலேருந்துதான் வருது. மொதல்ல கரையோரமா கிழக்க போயி பூத்தோன் தீவைப் புடி. அங்கேருந்து தெக்க திரும்பினா காத்து பக்கவாட்டுல தள்ளும், சொகமாப் போயிரலாம்."

"தெக்க இருக்குற ஊருக்குக் கிழக்க போகணுமாக்கும்! உங்களப் பத்தி அக்கா சொன்னது சரிதான்."

அக்கா என்ன சொன்னாளோ! எனக்கு வந்த கோபத்தில், "ஓட்டுடா ராஜா, நீயே ஓட்டு" என்று சுக்கானை அவன் கையில் கொடுத்துவிட்டு, சீர்த்தட்டுகளுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

பாய்க்கப்பல் காற்றுக்கு எதிரே நேராகப் போகுமா? இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்து போனோம். போன தூரத்தையெல்லாம் காற்று பின்னாலேயே தள்ளிவிட்டது. பாதி வழியில் இருக்கும் ஜம்பேயா தீவு திரும்பத் திரும்ப வந்தது. அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவன் முதல் தடவை கையசைத்தான். அடுத்த தடவை, "மறுபடியுமா?" என்றான். அதற்கடுத்த தடவை வேடிக்கை பார்க்க ஊரையே கூட்டி வந்துவிட்டான்.

அரிசி தீர்ந்தது. பெண் வீட்டுக்கு என்று கட்டிய பலகாரங்களில் கைவைத்தோம். முதல் பொட்டலத்தைப் பிரித்தவன் மாப்பிள்ளைதான்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஜம்பேயாவின் காற்றுப் படாத மறைவில் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். லந்தாரா கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு தேம்பினான். "வேற எவனுக்காவது கட்டிக் குடுத்துருவாங்க மச்சான்." என் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. பாவமாக இருந்தது.

அப்போது காற்று வரும் திசையிலிருந்து ஏழு பாயும் விரித்து ஒரு கப்பல் வந்தது. முன்னால் முழு அலங்காரத்தோடு மணப்பெண் மரென்னு. பின்னால் அவள் அப்பா, இமாம், வாந்தியெடுத்துக்கொண்டே வந்த அத்தைமார்.

பக்கத்தில் வந்து நங்கூரம் போட்டதும் அப்பா சத்தம் போட்டார். "மாப்பிள்ள பொண்ணு வீட்டுப் படியேறணும், அதான் வழக்கம். இன்னைக்கு இதான் எங்க வீடு. ஏறி வாங்க!"

"நாங்க இங்க கெடக்குறது எப்படித் தெரிஞ்சுது மாமா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நிச்சயத்தன்னைக்கே மாப்பிள்ள கோடு போட்டுக் காட்டினாரு. அந்த வழியில வந்தா காத்து இவர ஜம்பேயாவுலதான் கொண்டுபோய்ப் போடும், நாமளே போயி அள்ளிட்டு வந்துருவோம்னு மக சொல்லிட்டா."

லந்தாரா கயிற்றேணியில் ஏறினான். பாதியில் கால் இடறித் தொப்பியோடு கடலில் விழுந்தான். தொப்பி கிடைக்கவில்லை. மறுபடி ஏறி, சொட்டச் சொட்ட மேலே தலையை நீட்டினான்.

"நான் வரமாட்டேன்னு நெனச்சிட்டியா?"

"வருவீங்கன்னு தெரியும்," என்றாள் மரென்னு, கையைக் கொடுத்து அவனை மேலே இழுத்தபடி. "எந்த வருஷம்னுதான் தெரியல."